எட்டாத உயரத்தில் மாட்டச் சொன்னவன்

குறுவள மையக் கூட்டத்தில் ஸ்மார்ட் போர்டு பற்றிப் பேச்சு வந்தால் ஆசிரியர்கள் நாங்கள் சொல்லும் காரணங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். நெட் சுற்றிக்கொண்டே நிற்கிறது. கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. மாணவர் விவரங்களை எமிஸ் தளத்தில் பதிவதற்கே பொழுது போதவில்லை, இதில் போர்டுக்கு எங்கே போவது. எல்லாம் உண்மைதான். நானும் இதையே சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் என் பள்ளியில் போர்டு நன்றாக ஓடியது. யூபிஎஸ் இருந்தது. நெட்டும் ஓரளவு வந்தது. பிள்ளைகள் அதைத் தொடாமல் போனதற்குக் காரணம் நான்தான்.

பள்ளி பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் பக்கம். கரிசல் காடு, சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும். ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியர் ஒன்று, இரண்டு வகுப்புகளைப் பார்த்துக்கொள்வார். மூன்று, நான்கு, ஐந்து என்னிடம். 2023இல் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் 65 அங்குல போர்டு ஒன்று எங்களுக்கு வந்தது. மறு ஆண்டு ஜூனில்தான் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்றும், ஏறக்குறைய 80,000 ஆசிரியர்களுக்கு டேப்லெட் என்றும் அரசின் பெரிய திட்டம் வந்தது. ஆக எங்கள் ஒன்றியத்தில் நாங்கள் கொஞ்சம் முந்திக்கொண்டோம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மாட்ட வந்த பையன்கள் இருவரும் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, "இந்த உயரம் போதுமா சார்?" என்று கேட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முகத்துக்கு நேரே வரும் உயரம். "இன்னும் ஏத்துங்க" என்றேன். ஏற்றினார்கள். "இன்னும் கொஞ்சம்." டிரில் பிடித்திருந்தவர் திரும்பிப் பார்த்து, "பிள்ளைங்களுக்கு எட்டாதே சார்" என்றார். "அதுக்குத்தான்" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். கேபிளைப் பிடித்து இழுத்துவிடுவார்கள், பாதுகாப்பு முக்கியம் என்று பிறகு தலைமை ஆசிரியரிடம் ஒரு விளக்கமும் சொல்லிவைத்தேன். அவரும் தலையாட்டினார்.

இதில் எனக்குத் தெரியாமல் செய்தது என்று எதுவும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவிய முறை. அட்டைகள், ஏணிப்படி, பாயில் வட்டமாக உட்காருவது எல்லாம் இருந்தாலும் எனக்குப் பிடித்தது சுவர்தான். தரையிலிருந்து பிள்ளையின் தோள் உயரம் வரைக்கும் கறுப்பு அடித்து, கோடு பிரித்து, ஆளுக்கு ஒரு பங்கு என்று எழுதிக் கொடுத்திருப்போம். காலையில் வந்ததும் அவரவர் பங்கில் போய் உட்கார்ந்து எழுதுவார்கள், அழிப்பார்கள், பக்கத்துப் பங்கில் எழுதியதற்குச் சண்டை போடுவார்கள். சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள். அந்தச் சுவருக்கு என் கையாலேயே பெயிண்ட் அடித்தவன் நான். பிள்ளையின் கைக்கு எட்டுவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. தெரிந்தேதான் ஏற்றச் சொன்னேன்.

காரணம் பயம். வட்டார வள மையத்தில் போர்டுக்குப் பயிற்சி வைத்தபோது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருவராக முன்னால் வந்து செய்து காட்டச் சொன்னார்கள். என் முறை வரும் நேரம் பார்த்து போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். போர்டு வந்த முதல் வாரத்தில் ஒரு வீடியோ பாதியில் நின்றது. நான் எதையோ அழுத்த, திரை முழுக்க வேறொரு பக்கம் திறந்துகொண்டது. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, ஸ்டூலில் ஏறி, கீழ் மூலையில் விரலை வைத்து மேலே தள்ளினாள். சரியாகிவிட்டது. "எங்க மாமா போன்ல இப்படித்தான் சார் வரும்" என்றாள். வகுப்பு கைதட்டியது. நான் அவளைப் பாராட்டவில்லை. "கேக்காம எந்திரிச்சு வரக் கூடாது" என்றேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாத்தியார் தோற்றுவிட்டார் என்று ஊரில் யாரும் பேசப்போவதில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் பட்டது.

அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டேன். கை சுத்தமாக இருப்பவர்கள் மட்டும் போர்டைத் தொடலாம். அழுக்குக் கை பட்டால் போர்டு கெட்டுவிடும். சட்டம் நியாயமாகத்தான் கேட்கிறது. சுகாதாரப் பாடம் போலவும் இருக்கிறது. வெங்காயப் பருவத்தில் பாதிப் பிள்ளைகள் விடிகாலையில் தாயோடு போய்த் தாள் அறுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள். நகக்கண்ணில் கரிசல் மண். எவ்வளவு கழுவினாலும் விரலில் வெங்காய வாடை. அவர்களுக்கு என் சட்டப்படி அந்தப் பருவம் முழுக்கப் போர்டு கிடையாது. ஸ்டூலில் ஏறித் தொட்டவர்கள் எப்போதும் ஒரே சில பிள்ளைகள்தான். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் முந்தின நாளே அவர்களுக்கு ஒத்திகை வைப்பேன். வந்தவர் பார்த்துவிட்டு, "பிள்ளைங்க நல்லா ஹேண்டில் பண்றாங்க சார்" என்பார்.

மாறுதல் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அந்தப் பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஏன் எழுதினேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஏதோ உறுத்தல். எழுதிய பெயர்கள் அத்தனையும் ஊர்த் தெருவுப் பிள்ளைகள். காலனியிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை. தெரு பார்த்தா தேர்ந்தெடுத்தாய் என்று யாராவது முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்றுதான் இத்தனை ஆண்டுகளும் நினைத்திருந்தேன். கை சுத்தம் என்ற சல்லடையில் யார் நிற்பார்கள், யார் விழுவார்கள் என்பது சல்லடை செய்கிறவனுக்குத் தெரியாமலா இருக்கும்? சட்டம் போடும்போது தெருவைப் பற்றி நினைக்கவில்லை என்பது உண்மை. நினைக்க வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை என்பதும் உண்மை.

ஒரு கல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் ஒரு காலத்தில் கடல். காரை, குன்னம், ஊட்டத்தூர், கருடமங்கலம் என்று எங்கே ஓடையில் இறங்கினாலும் சிப்பியும் சுருள் சுருளான நத்தைக் கல்லும் கிடைக்கும். அம்மோனைட் என்கிறார்கள்; கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்து உறவு; ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன் டைனோசர்கள் அழிந்த காலத்திலேயே அதுவும் அழிந்துபோனது. பிளான்போர்ட் என்ற ஆங்கிலேயர் 1862இல் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாக வகுத்து எழுதினார். உலக நிலவியல் புத்தகங்களில் எங்கள் ஊர்ப் பெயர்கள் அப்படித்தான் ஏறின. எங்கள் பக்கத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன மரத்தை, கல்மரத்தை, கண்டெடுத்துச் சொன்னவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன், 1940இல். 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. இவ்வளவையும் நான் தெரிந்துகொண்டது பின்னால். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்மரம் ஒரு சுற்றுலா இடம், போனால் போட்டோ எடுக்கலாம் என்பதுதான்.

ஒரு நாள் மதியம் தூக்கக் கலக்கத்தில் பாடம் நடத்த முடியாமல், பழைய கால விலங்குகள் என்று ஏதோ ஒரு வெளிநாட்டு வீடியோவை ஓடவிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். டைனோசர் போனது, கடல் வந்தது, கடலுக்குள் சுருள் ஓட்டோடு ஒன்று நீந்தியது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பையைத் துழாவி எதையோ எடுத்துக்கொண்டு எழுந்தான். நான் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கையிலிருந்ததைத் திரையில் இருந்த படத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தான். உள்ளங்கை அளவுக் கல். வரிவரியான சுருள். பாதியில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. கல் கண்ணாடியில் பட்டதும் வீடியோ நின்றுவிட்டது. வகுப்பு சிரித்தது. நான் விழித்தேன்.

"எங்க காட்டுல கெடக்கு சார், இதே தான்" என்றான்.

போர்டில் கீறல் விழுந்ததா என்றுதான் முதலில் பார்த்தேன். விழவில்லை. ஆனாலும் கத்தினேன். பல ஆயிரம் ரூபாய்ப் பொருள், உன் அப்பன் கொடுப்பானா என்றேன். இந்த வார்த்தையை எழுதவே கை கூசுகிறது, சொல்லும்போது கூசவில்லை. கல்லை வெளியே போட்டுவிட்டு வரச் சொன்னேன். போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். வீடியோவை நான் தூங்கிய இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டேன். அந்த ஆண்டு முழுக்க என் வகுப்பில் நடந்த ஒரே உண்மையான அறிவியல் பாடம் அது. நடத்தியவன் அவன். அவன் காலனிப் பையன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே பெயர்களைப் பற்றி எழுதியதற்கு அர்த்தமில்லை.

சில மாதத்தில் போர்டு கிறுக்குத்தனம் செய்ய ஆரம்பித்தது. யாரும் தொடாமலேயே கோடு போடும். கீழ்ப் பகுதியில் எங்கே தொட்டாலும் ஏற்காது. "பேய் எழுதுது சார்" என்றார்கள் பிள்ளைகள். பிள்ளைகள் கை வைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று நான் முடிவுகட்டி, எவரும் தொடக் கூடாது என்று துணி தைத்து உறை போட்டு நாடாவால் கட்டினேன். புகார் கொடுத்துப் பல நாள் கழித்து டெக்னீஷியன் வந்தார். உறையைக் கழற்றினார். பையிலிருந்து காய்ந்த துணி ஒன்றை எடுத்து, சட்டத்தின் கீழ் விளிம்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு இழுப்பு. துணி வெள்ளையாக வந்தது.

"சாக்பீஸ் தூள் சார். பக்கத்துல கரும்பலகையில எழுதுறீங்களா? டஸ்டரை எங்க தட்டுவீங்க?"

போர்டுக்கு நேர் கீழே சுவரில்தான் தட்டுவேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். பள்ளிகளுக்கு வரும் பெரிய போர்டுகளில் பெரும்பாலானவை கண்ணாடியால் தொடுகையை உணர்வதில்லை. சட்டத்தின் விளிம்பு நெடுக, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் வரிசையாக இருக்கின்றன. எதிர் விளிம்பில் அந்த ஒளியை வாங்கும் கண்கள். குறுக்கும் நெடுக்குமாக ஒளி ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் எது மறித்தாலும், எந்த இடத்தில் மறித்தது என்று கணக்குப் போட்டு, அங்கே தொட்டதாக எடுத்துக்கொள்ளும். விரலோ குச்சியோ முழங்கையோ, அதற்கு எல்லாம் ஒன்று. ஈ உட்கார்ந்தாலும் தொட்டதுதான். விளிம்பில் தூள் படிந்தால் ஒளி மறைந்து, இல்லாத விரலை இருப்பதாக நினைத்துக்கொள்ளும். "அழுக்குக் கை பட்டா கெட்டுடுமா?" என்று கேட்டேன். "கண்ணாடி கறையாகும், துடைச்சா போச்சு. அதுக்குக் கை சுத்தமா இல்லையான்னு தெரியவே தெரியாது சார்" என்றார்.

கல் பட்டு வீடியோ நின்றது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. கை சுத்தம் பார்க்கும் ஏற்பாடு அந்த இயந்திரத்தில் இல்லை. அதை நான்தான் வெளியிலிருந்து பூட்டியிருந்தேன். போர்டைக் கெடுத்ததும் என் சாக்பீஸ்தான். இதற்குப் பிறகும் டெக்னீஷியன் கண்டுபிடித்த காரணத்தைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லவில்லை. "சர்வீஸ் பண்ணிட்டாங்க சார், சரியாயிடுச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

போன் திரைக்கு வேறு குணம். கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்னூட்டம். விரல் பட்டால் உடம்பு அதில் கொஞ்சத்தை ஈர்த்துக்கொள்ளும். அந்த இழப்பை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. தோலில் கொஞ்சம் ஈரம் இருந்தால் அது நன்றாக நடக்கும். காய்த்துப்போன விரலைப் பல நேரம் அது கண்டுகொள்ளாது. இதையும் நான் தப்பாகவே புரிந்து வைத்திருந்தேன். பேரப்பிள்ளையை அழைத்துப்போக வரும் ஆயா ஒருவர் பள்ளி வாசலில் நின்றபடி, சவூதியிலிருந்து மகன் ஐஎம்ஓவில் கூப்பிடும்போது பச்சைப் பொத்தானைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். எடுக்காது. "கையை நல்லா தொடைச்சிட்டு அழுத்துங்க ஆயா" என்று உள்ளேயிருந்து சத்தம் போடுவேன். துடைத்தால் இன்னும் எடுக்காது என்பது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். நோட்டு எண்ணுவது போல நாக்கில் விரலைத் தொட்டு ஒரு தள்ளு தள்ளுவார். மகன் முகம் வந்துவிடும். "ஒம் படிப்பு இதுக்கு ஒதவாது தம்பி" என்று ஒரு முறை சொன்னார். ஆக, பிள்ளை என்றாலும் கிழவி என்றாலும், இயந்திரம் ஏற்கவில்லை என்றால் கை அழுக்கு என்பதே எனக்கு முதலில் தோன்றியிருக்கிறது.

எல்லாருக்காகவும் ஒருவரே தொடுவதைப் பொது இடங்களிலும் பார்க்கிறேன். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூர் போய்த்தான் ஏற வேண்டும். திருச்சியிலோ எழும்பூரிலோ இறங்கினால், டச் ஸ்கிரீன் டிக்கெட் மிஷின் முன்னால் ஒருவர் நின்று எல்லாருக்கும் அவரே தட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஜனங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் காசை நீட்டுவார்கள். எவரும் தொட்டுக்கொள்ளலாம் என்று வைத்த மிஷின் மறுபடி கவுன்ட்டராகிவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அது பிழைப்பு. வரிசையும் வேகமாக நகர்கிறது. எனக்கு மாதச் சம்பளம். நானும் அதே வேலையைத்தான் வகுப்பில் பார்த்தேன்.

பின்னால் படிக்கப் படிக்கத்தான் வயிறு எரிந்தது. தொடுதிரை பற்றி முதலில் எழுதியவர் ஈ.ஏ. ஜான்சன், 1965இல், இங்கிலாந்தில், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவதற்காக. ஆனால் அகச்சிவப்பு ஒளி மறிக்கும் முறையை 1972லேயே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் பிளேட்டோ என்ற தன் கணினியில் வைத்தது மாணவர்களுக்காக. திரையை 16க்கு 16 கட்டமாகப் பிரித்து, விடையை விரலால் தொட்டுச் சொல்லும்படி. அரை நூற்றாண்டுக்கு முன் மாணவர் விரலுக்கென்று வைத்த ஒன்றை, நான் ஸ்டூல் போட்டு ஏறும் உயரத்துக்குக் கொண்டுபோனேன்.

சுகதா மித்ரா காளிக்குப்பம் என்ற தமிழ்க் கடலோரச் சிற்றூரில் செய்த சோதனையும் அப்படித்தான் கண்ணில் பட்டது. தமிழ் மட்டுமே பேசும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் உயிரித் தொழில்நுட்பப் பாடத்தைக் கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் தாங்களே முட்டி மோதிக் கொஞ்சம் கற்றார்கள். பிறகு பாடம் ஒன்றும் தெரியாத, பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒருவரைப் பின்னால் நின்று பாராட்டிக்கொண்டு மட்டும் இருக்கச் சொன்னதும் மதிப்பெண் இன்னும் ஏறியது. 2010இல் கட்டுரையாக வந்தது. வாத்தியாரே வேண்டாம் என்று இதை வைத்துச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவருடைய சோதனைகளுக்கு மறுப்பும் நிறைய உண்டு. ஆனால் பின்னால் நின்று "அட, எப்படிப் பண்ணே?" என்று கேட்பதற்கு எனக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்பட்டிருக்காது. ஸ்டூலில் ஏறிய அந்தப் பெண்ணிடம் அதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே எனக்குப் பாதி போர்டு பழகியிருக்கும்.

இப்போது செந்துறைப் பக்கம் இருக்கிறேன், அரியலூர் மாவட்டம். இங்கேயும் ஒரு போர்டு, நான் வருவதற்கு முன்பே மாட்டியது, அதே உயரத்தில். யார் ஏற்றச் சொன்னார்களோ தெரியாது; என்னைப் போல ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார் போலிருக்கிறது. டஸ்டரை இப்போது வெளியே போய்த் தட்டுகிறேன். கை பார்ப்பதில்லை. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஆள் மாற்றிக் கூப்பிடுகிறேன். என் மனதை நம்பி ஆள் தேர்ந்தெடுக்க எனக்கே நம்பிக்கை இல்லை, வரிசை இருந்தால் தப்பிக்க முடியாது. பெஞ்சில் ஏறித்தான் தொடுகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பெஞ்சோடு சாய்ந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டது.

அதன் பிறகுதான் போர்டை இறக்கி மாட்ட ஆள் கூப்பிட்டேன். வந்தவர் பிராக்கெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எவ்வளவு இறக்கணும் என்று கேட்டார். கையால் உயரம் காட்டினேன். "அவ்ளோ கீழயா? பிள்ளைங்க கை பட்டுக்கிட்டே இருக்குமே சார், பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்று உடனே வாயில் வரவில்லை. கேபிளைப் பற்றி ஏதோ கேட்டேன், கண்ணாடி கெட்டியானதுதானா என்று கேட்டேன். அப்புறம்தான் சொன்னேன். இரண்டு போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கிறது, எண்ணெய் விட்டுவைத்துவிட்டு வியாழக்கிழமை வருகிறேன் என்று போனார்.